வளைவு வீட்டின் நான்கு கிளிஞ்சல்கள்

என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. மருமகள் வந்து, "பாரம்பரிய நடை ஒண்ணு இருக்கு, வாங்க அத்தை" என்று கூப்பிட்டால், கூடவே ஒரு மடக்கு நாற்காலியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நடை என்று பேர்தானே தவிர, முக்கால்வாசி நேரம் நிற்க வைத்துத்தான் பேசுகிறார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாரிமுனைக்குப் பின்னால் ஒரு தெருமுனையில், இருபது பேரோடு நானும் முட்டி வலிக்க நின்றுகொண்டிருந்தேன். எதிரில் ஒரு வெளிர்மஞ்சள் கட்டடம். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும். தெரு திரும்பும் இடத்தில் கட்டடமும் கூடவே வளைந்து திரும்பும்.

வழிகாட்ட வந்த தம்பி சட்டையில் குட்டி மைக்கைக் குத்திக்கொண்டு அதன் கதையைச் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு பருத்தி வியாபாரி பம்பாய்க்குப் போயிருந்தபோது கடற்கரையோரம் இப்படி வளைவு வளைவாக வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டியதாம். இந்தப் பாணிக்கு ஆர்ட் டெகோ என்று பேராம். இரும்புக் கேட்டில் உதிக்கிற சூரியன், மாடிப்படியில் வட்ட ஜன்னல், சுவரைச் சுற்றி மூன்று கோடு, அந்தத் தெருவிலேயே முதல் லிஃப்ட். ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் குடியிருப்பதை அந்தக் காலத்தில் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். நடுவில் ஒரு சமயம் இதை இடித்துவிட்டு உயரமாகக் கட்ட ஒருவர் வந்திருக்கிறார். குடியிருப்பவர்கள் ஒன்றாக நின்று தடுத்து, இப்போது பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து ஒரு பலகையும் மாட்டிவிட்டார்கள்.

தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை அந்த வீட்டுக்கு அறுபத்தாறு படி. அத்தனையிலும் எங்கள் கூடையிலிருந்து நண்டுத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. தம்பியின் கதையில் அது இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. பழவேற்காட்டு லைட்ஹவுஸ் பக்கத்துக் குப்பங்களில் ஒன்றுதான் எங்களுடையது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி. அந்த வருஷம் முகத்துவாரம் மணல் மூடி, ஏரித்தண்ணீர் உள்ளேயே நின்று, நடந்தால் கணுக்கால் சுடும். போதாததற்கு நைனாவின், அதாவது என் அப்பாவின், பாதத்தில் திருக்கை மீன் முள் ஏறிவிட்டது. பாதம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, அவர் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, போகிற வருகிற படகையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது, அடுத்தவர் படகு மீனை வாங்கி விற்ற அம்மாவின் கூடையால்தான்.

ஆரம்பாக்கத்தில் இருந்த பெரியம்மா அப்போது ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். "பொண்ண இங்க அனுப்பிடு. ஆட்டப் பாத்துக்கினு கெடக்கட்டும். உனக்கும் ஒரு வாயி கொறையும்." நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகள் அப்படித்தான் ஒரு கோடைக்கு என்று போய், ஆட்டோடு நின்றுவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். ஆட்டைக் கண்டால் பயம். அம்மா யோசித்துவிட்டு, "கூடை ஓடற வரைக்கும் ஓட்டறேன். ஓடலன்னா அனுப்பறேன்" என்றாள். ஆக, அந்தக் கோடை முழுக்க நான் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடை போன இடம்தான் வளைவு வீடு. எங்கள் குப்பத்துப் பெண்கள் அதற்கு வைத்த பேர் அது. சுவரில் எழுதியிருந்த நிஜப்பேர் இங்கிலீஷ். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் என்று நான்கு கூடை. விடியும்போது படகேறி ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரி வழியாகப் பாரிமுனை வந்து இறங்குவோம். கண்டக்டர் எங்களைக் கடைசி சீட்டுக்குத் துரத்துவார். அத்தை போகிற வழியிலேயே அவருக்கு ஒரு பிடி கருவாடு கொடுத்து அவர் வாயை அடைப்பாள். அத்தை நைனாவுக்கு அக்கா. அவள் வாயை அடைக்க மட்டும் யாராலும் முடிந்ததில்லை.

நான்கு கூடை, நான்கு தளம். ஆனால் தளமெல்லாம் ஒன்றா? மூன்றாம் மாடியில் ஒரு பியானோ டீச்சர் இருந்தார். நண்டென்றால் உயிர். இரண்டாம் மாடியில் செகரெட்டரி ஐயா. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடத்துக்கு அவர்தான் எல்லாம். முதல் மாடியில் இறால் மட்டும் வாங்குகிற வீடுகள். தரைத்தளத்தில் ஒரு வக்கீல் குடும்பம், சுத்த சைவம். எங்கள் தலை கேட்டில் தெரிந்ததும் அவர்கள் வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

இந்த வம்பைத் தீர்க்கத்தான் பெண்கள் பாடு போட்டுக்கொண்டார்கள். உங்களில் ஏரிக்கரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் மீன் நிறைய விழும் இடமும் உண்டு, ஒன்றுமே விழாத இடமும் உண்டு. எங்கே யார் வலை கட்டுவது என்று ஆண்கள் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். அதற்குத்தான் பாடு என்று பேர். உனக்கு வந்த பாட்டில் நீ மட்டும்தான் வலை போடலாம். இன்னொருத்தர் பாட்டில் கை வைத்தால் ஊர் கூடிவிடும். ஆண்கள் ஏரிக்குச் செய்ததைப் பெண்கள் அப்படியே தூக்கி வளைவு வீட்டுக்குப் போட்டுவிட்டார்கள்.

ஒரு பால்பவுடர் டப்பா, அதற்குள் நான்கு கிளிஞ்சல். ஒன்றின் விளிம்பில் ஒரு கீறல், ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, நான்காவது வெறும் கிளிஞ்சல். கீறல் எத்தனையோ அத்தனையாவது மாடி. வெறும் கிளிஞ்சல் வந்தவளுக்கு அந்த வாரம் வக்கீல் வீட்டு ஜன்னல்தான். ஆனால் அவளை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். மற்ற மூன்று பேரும் தங்கள் கூடையிலிருந்து ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடவேண்டும். அவள் அதைத் தெருமுனையில் குந்திக்கொண்டு விற்பாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் படகில் வைத்துச் சீட்டு. எடுக்கிற கை குழந்தைக் கையாக இருக்கவேண்டும் என்று விதி. அந்தக் கை என்னுடையது. கண் லைட்ஹவுஸைப் பார்க்க, கை டப்பாவுக்குள்.

என் கண் லைட்ஹவுஸில்தான் இருந்தது, சத்தியம். விரல் நுனிக்கு மட்டும் யாரும் விதி போடவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செகரெட்டரி ஐயா வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது. நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் வாரம் அம்மாவுக்கு இரண்டாம் மாடி தற்செயலாகத்தான் வந்தது. ஐயாவின் வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஒரு அலுமினியத் தட்டின் பிடியைப் படக்கென்று தூக்கி, நான்கு ஐஸ் கட்டியை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் கொடுத்தார். வாசலில், பச்சையும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாய் இருந்த மொசைக் தரையில் உட்கார்ந்தேன். கீழே தரை ஜில்லென்று இருந்தது, நாக்கில் ஐஸ் ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து ஏரியும் பஸ்ஸும் சுட்டதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அடுத்த திங்கட்கிழமை படகில் என் விரல் டப்பாவுக்குள் இரண்டு கீறலைத் தேடிற்று. கிடைத்ததை அம்மாவுக்கென்று ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மற்றதை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வாரமும் அதையே செய்தேன்.

அத்தை சும்மா இருப்பாளா? "இன்னாமே, மூணு வாரமா உனுக்கு ரெண்டாம் மாடியே வருது?"

"வருது அண்ணி, நான் இன்னா பண்ணட்டும்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை. நான் லைட்ஹவுஸை முன்பைவிட உற்றுப் பார்த்தேன்.

வினை அந்த மூன்றாம் வாரத்தில்தான் வந்தது. அம்மா கூடையில் ஈரச்சாக்குக்கு அடியில் சினை நண்டு, உயிரோடு. மூன்றாம் மாடிப் பாடு அத்தைக்கு, அவள் கூடையில் வெறும் மத்தி. பியானோ டீச்சர் அத்தையின் மத்தியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, நண்டு வாசனை பிடித்துத் தட்டோடு இரண்டாம் மாடிக்கே இறங்கி வந்துவிட்டார்.

"என்னம்மா, இவ்ளோ நண்டு வச்சிருக்கியே. எனக்கு ஆறு எடு."

"இல்லம்மா. இந்த வாரம் உங்க மாடி எங்க நாத்தனாரு பாடு. அவங்ககிட்ட வாங்கிக்கோங்க."

"அவகிட்டதான் நண்டு இல்லையே."

"இன்னா கீதோ அத வாங்கிக்கோங்கம்மா. நான் குடுத்தா தப்பாயிடும்."

"நான் என்ன ஓசியிலயா கேட்டேன்?" என்றார் டீச்சர். அவர் முகம் சிவந்துவிட்டது. அம்மாவும் குனிந்த தலை நிமிரவில்லை. ஏரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அடுத்தவள் பாட்டில் கை வைப்பது திருட்டு. அதை விளக்கிச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தட்டு காலியாக மேலே போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மே, அந்த நண்ட என் கூடையில போட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?"

அம்மா ஈரச்சாக்கை இழுத்துக் கூடையை மூடினாள். "அது அப்பத் தோணல அண்ணி."

மறுநாள் கேட்டிலேயே வாட்ச்மேன் தடுத்துவிட்டார். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கேட்டிலிருந்தே தெரிகிற மாதிரி கொட்டை கொட்டையாகக் கையெழுத்து. நான்கு பெண்களுக்கும் படிக்கத் தெரியாது, வாட்ச்மேனுக்கும் தெரியாது. கேட்டின் கம்பிக்குள் முகத்தை வைத்து நான்தான் உரக்கப் படித்தேன். மீன் விற்கும் பெண்கள் கூட்டுச் சேர்ந்து, ஒருத்தி வாடிக்கையை ஒருத்தி தொடாமல், குடியிருப்போரைத் தங்கள் இஷ்டத்துக்கு ஆட்டி வைப்பதால், இனி யாரும் படியேறக் கூடாது.

இப்போது நினைத்தால் செகரெட்டரி ஐயா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருஷம் கோர்ட்டில் இருந்தவர், நான்கு பேர் பேசி வைத்து நடந்தால் அதில் சூதுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் ஏது? அம்மாவுக்கு மூன்றாம் மாடி வந்திருந்தால் டீச்சருக்கு நண்டு கிடைத்திருக்கும். வராமல் பண்ணியது என் விரல். நான் தின்ற ஐஸுக்கு ஆரம்பாக்கத்து ஆடு என்னை வந்து கூப்பிடுகிறது என்று நினைத்து அழுதேன்.

மூன்று நாள் தெருமுனையில் வெயிலில் விற்றோம். நண்டு செத்தது, இறால் சிவந்தது, கூடை பாதி நிறைந்தபடியே வீடு திரும்பிற்று. கட்டிலில் நைனா யாரையும் குறை சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெரியப்பா வந்து என்னைக் கூட்டிப்போவார் என்று முடிவாயிற்று. அம்மா என் இரண்டு பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசியாக ஒரு தடவை நானும் கூட வந்தேன். கேட்டுக்கு அருகில் போகும்போதே உள்ளே குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம். கோடை பட்டணத்தையும் விடவில்லை. குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். முற்றத்தில் இருந்த ஒரே குழாயடியில் நான்கு தளத்து ஜனமும் நின்றது. பியானோ டீச்சர் ஒரு குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்தார், அதே குடத்தின் அடியை வக்கீல் வீட்டம்மா பிடித்திருந்தார். செகரெட்டரி ஐயா கையில் ஒரு கால அட்டவணை. அதில் இரண்டாம் மாடி முதலில் இருந்ததால் அதை ஒருத்தரும் ஏற்கவில்லை.

அம்மா கேட்டின் சூரியனைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. எங்க ஏரியில இதவிடப் பெரிய சண்டையெல்லாம் வந்துகீது. பாடு போட்டுக்கினா ஓஞ்சிடும்."

"பாடுன்னா?" என்றார் ஐயா, எரிச்சலோடு.

அம்மா இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்துக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே குலுக்கிக் காட்டினாள். நான்கு கிளிஞ்சல், நான்கு தளம், தினம் காலையில் ஒரு சீட்டு, யார் முதல் யார் கடைசி. ஐயா கோர்ட்டுக்காரர் அல்லவா, குறுக்கு விசாரணை செய்தார்.

"கடைசியா வர்றவனுக்குக் குழாயில காத்துதானே வரும்? அவன் என்ன பண்ணுவான்?"

"மத்த மூணு மாடியும் ஆளுக்கு ஒரு கொடம் அவங்களுக்கு ஊத்தணும்."

"ஊத்தலன்னா?"

"ஊத்தாதவங்களுக்கு அடுத்த தபா டப்பாவுல சீட்டு இல்ல."

"இதெல்லாம் எதுல எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதலீங்க. செஞ்சிகினு இருக்கோம்."

ஐயா கால அட்டவணையை மடித்தார். பிறகு கேட்டார். "அப்போ அன்னைக்கு டீச்சருக்கு நண்டு குடுக்காதது..."

"அன்னிக்கு அவங்க மாடி என் பாடு இல்லீங்க. எங்க நாத்தனாருது."

பியானோ டீச்சர் குடத்தை விட்டுவிட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அத்தை வாயைத் திறக்கப் போனாள், அம்மா அவள் காலை மிதித்தாள். ஐயாவே வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

அம்மா டப்பாவை நீட்டினாள். வக்கீல் வீட்டம்மா அதைப் புடவைத் தலைப்பால் பிடித்து முகர்ந்து பார்த்து, சீயக்காய் போட்டுக் கழுவிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். "எடுக்கறது கொழந்த கையா இருக்கணும்" என்றாள் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் போனேன். அப்போது அம்மா தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து, என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சுற்றி இறுக்கினாள்.

"கையில துணி சுத்திகினுதான் எடுக்கணும். அதான் மொற."

"துணியா? இது எப்பலேருந்துமே?" என்றாள் அத்தை.

"இப்பலேருந்துதான் அண்ணி."

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. முறைக்கவும் இல்லை. மீன் வாடை அடித்த அந்தத் துணிக்குள் என் விரல்கள் ஒன்றையும் உணராமல் டப்பாவில் துழாவின. முதல் நாளே செகரெட்டரி ஐயாவுக்கு வெறும் கிளிஞ்சல் வந்தது. முற்றமே சிரித்தது. அவர் வீட்டுக்கு முதல் குடத்தைப் பியானோ டீச்சர் ஊற்றினார்.

நோட்டீஸை ஐயாவே கிழித்தார். சாயந்திரம் பெரியப்பா வந்தபோது அம்மா அவர் கையில் நான்கு நண்டைக் கட்டிக் கொடுத்து, "பொண்ணுக்கு இஸ்கோலு தொறக்கப் போறாங்க மாமா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் என்னைவிட நண்டைத்தான் விரும்பினார் என்று நினைக்கிறேன். நைனாவின் கால் ஆடி மாதத்தில் ஆறிற்று. நான் பள்ளிக்கூடத்தை விடவே இல்லை. பிற்பாடு ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வும் பெற்றேன்.

ஒரு விஷயம் பாக்கி. பெண்கள் வேறு டப்பா வாங்கி வேறு கிளிஞ்சல் கீறிக்கொண்டார்கள். அன்று முதல் படகிலும் என் கையில் துணி. அதற்குப் பிறகு அந்தக் கோடையில் அம்மாவுக்கு இரண்டாம் மாடி ஒரே ஒரு தடவைதான் வந்தது. ஆனாலும் எந்தத் தளத்தில் நாங்கள் இருந்தாலும், லிஃப்ட் கடகடவென்று வந்து நிற்கும். உள்ளே ஆள் இருக்காது. தரையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதில் நான்கு ஐஸ் கட்டி. தண்ணீர்ச் சண்டை தீர்ந்த நன்றிக்குத்தான் ஐயா வீட்டம்மா அனுப்புகிறார் என்று இத்தனை வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி போன மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வழிகாட்டித் தம்பி எங்களை முற்றத்துக்குள் கூட்டிப்போய் நிறுத்தினார். அங்கே ஒரு ஸ்டூல் மேல் அந்தப் பால்பவுடர் டப்பா. துரு ஏறி, மேலே சிரித்த குழந்தையின் படம் முழுக்க அழிந்து, ஆனால் அதே டப்பா. குழாய்ச் சண்டை ஓய்ந்த பிறகு, முற்றத்தில் கார் நிறுத்துகிற முறைக்கு இப்போது இதைத்தான் குலுக்குகிறார்களாம். நாங்கள் பார்ப்பதற்காகவே அந்த வாரச் சீட்டை அன்றைக்கு வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஏழெட்டு வயசுப் பெண் ஒருத்தி இறங்கி வந்து, பூப்போட்ட கைக்குட்டையை வலது கையில் சுற்றிக்கொண்டாள்.

தம்பி மைக்கில் விளக்கினார். கிளிஞ்சல் என்பது கடலைக் கொண்டாடும் ஆர்ட் டெகோ அலங்காரத்தின் தொடர்ச்சியாம். வெறும் கிளிஞ்சல் வந்தவருக்கு மற்றவர்கள் உதவுவது பருத்தி வியாபாரியின் தரும சிந்தனையாம். கையில் துணி சுற்றுவது, வெள்ளைக்காரச் சீமாட்டிகள் விருந்துக்குக் கையுறை போட்டுவந்த நாகரிகத்தின் மிச்சமாம். இருபது பேரும் போட்டோ எடுத்தார்கள்.

மருமகளுக்கு இந்தக் கதை தெரியும். "சொல்லுங்க அத்தை" என்று என் முழங்கையை இடித்தாள். நான் தம்பியிடம் போகவில்லை. அந்தப் பெண்ணிடம் போய்க் குனிந்து கேட்டேன்.

"பாப்பா, இன்னாத்துக்குக் கையில துணி சுத்திக்கிற?"

அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "கையுறையெல்லாம் இல்ல பாட்டி. ரொம்ப நாள் முன்னாடி ஒரு பொண்ணு கீறலத் தடவிப் பாத்துத் திருட்டுத்தனமா எடுத்துச்சாம். அதுக்குத்தான் துணி."

"யாரு சொன்னாங்க?"

"எல்லார் வீட்லயும் சொல்வாங்க. அந்தப் பொண்ணோட அம்மாவே வந்து இங்க சொன்னாங்களாம். அடிக்காதீங்க, அவளுக்கு ஐஸுன்னா ரொம்ப ஆசை, அதான் அப்படிப் பண்ணிட்டான்னு."

லிஃப்டில் வந்து நின்ற டம்ளர்கள் ஞாபகம் வந்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டி வலி என்று அவள் நினைத்திருப்பாள், டப்பாவை எடுத்துவிட்டு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"நெஜமா பாட்டி? அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ ஆசையா?"

"ஆமா பாப்பா" என்றேன். "அவ்ளோ ஆசை."